மேளக்காரருக்கும் பெயர் உண்டு



விழிதியூரில் எங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளில் மண்டபம் இருக்கிறது, இன்னிசைக் கச்சேரி இருக்கிறது. நாதஸ்வரம் வாசிப்பவர் பெயரை மட்டும் காணோம். முன்பெல்லாம் வித்வான் பெயரைப் போடுவது வீட்டுக்குப் பெருமை.

ஒரு மேளம் என்றால் நாதஸ்வரம், தவில், தாளம், சுருதிப்பெட்டி. நாலைந்து குடும்பங்களின் பிழைப்பு அது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. 2020 ஊரடங்கில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கையை விட்டுப் போயின. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிய நமக்கு அந்தக் கஷ்டம் தெரியாது.

பிறப்பைப் பார்த்து மட்டம் தட்டுவோரும் உண்டு. ஷேக் சின்ன மௌலானா ஆந்திராவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, நாதஸ்வரத்தில் கொடிகட்டிப் பறந்தவர். மதுரை பொன்னுத்தாயி, பெண்கள் தொடத் தயங்கிய காலத்திலேயே வாசித்தவர். 2025-ல் நம் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நம் மண்டபங்களில் மேளத்துக்கு இன்னும் கடைசிப் பந்திதான்.

"காசு கொடுத்துத்தானே கூப்பிடுகிறோம்?" என்பீர்கள். ஐயரையும் காசு கொடுத்துத்தான் கூப்பிடுகிறோம். அவருக்கு மரியாதை குறைகிறதா?

அடுத்த முகூர்த்தத்துக்கு மூன்று காரியம் செய்யுங்கள். பத்திரிகையில் அவர்கள் பெயரைப் போடுங்கள். விடியுமுன் வந்தவர்களை நேரத்தோடு சாப்பிட வையுங்கள். பேசிய தொகையை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கெட்டிமேளம் கொட்டாமல் நம் வீட்டில் தாலி ஏறுவதில்லை.