இரைச்சலைத் துடைக்கிறேன் என்று தாளத்தைத் துடைக்காதீர்கள்

போன மாதம் கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பரீட்சைக்காகப் பியானோ பழகிக்கொண்டிருந்தாள். ஷோப்பானின் ஓபஸ் 33இல் வரும் சி மேஜர் மசூர்கா. பக்கத்தில் மெட்ரோனோம் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1938-39இல் பதிவுசெய்த அதே மசூர்காவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். பாதி கேட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"மாமா, இவரு கவுண்ட் சரியாவே இல்லை. இப்படி வாசிச்சா மார்க் போயிடும். ஒரே இரைச்சல் வேற."

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்ன இரண்டையும் பெரியவர்கள் நாகரிகமாகச் சொல்லிப் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். பழைய பதிவு வரலாற்று ஆவணமாம். கேட்டு ரசிக்க, ரூபின்ஸ்டைனே 1965-66இல் ஸ்டீரியோவில் வாசித்தது இருக்கிறதாம். முதல் பதிவு ஏதோ வெள்ளோட்டம் போலவும் பிந்தியது தேர் போலவும் பேசுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

முதலில் கவுண்ட் விஷயத்துக்கு வருவோம். மசூர்கா போலந்து நாட்டுப்புற ஆட்டங்களிலிருந்து வந்தது. மசூர், ஓபெரெக், குயாவியாக் என்று அவற்றில் வகைகள் உண்டு. எல்லாம் மூன்று எண்ணிக்கைதான். ஆனால் அழுத்தம் முதல் அடியில் நிற்காது. இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ தாவும். அழுத்தம் விழுகிற அடி சற்று நீளும், மற்றது சுருங்கும். ஷோப்பான் வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்த சார்ல்ஸ் ஹாலே, மூன்றுக்குப் பதிலாக நான்கு வருகிறதே என்று கேட்டிருக்கிறார். அது அந்த ஆட்டத்தின் இயல்பு என்று ஷோப்பான் சிரித்துக்கொண்டே விளக்கினாராம். இசையமைப்பாளர் மேயர்பீர், மாணவர் லென்ஸ் வாசித்த ஒரு மசூர்காவைக் கேட்டு இது இரண்டு எண்ணிக்கை என்று அடித்துச் சொல்ல, அங்கே ஷோப்பானுக்குக் கோபமே வந்துவிட்டது. அது எந்த மசூர்கா தெரியுமா? என் அக்கா மகள் மெட்ரோனோம் வைத்துப் பழகுகிறாளே, அதே சி மேஜர்தான்.

ஸ்வரத்தை எழுதிவைத்தால் கமகம் தாளில் வந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். மசூர்காவின் தாளமும் அப்படித்தான். அதைக் காதால்தான் வாங்க வேண்டும். யாரிடமிருந்து வாங்குவது என்பதுதான் கேள்வி.

ரூபின்ஸ்டைன் 1887இல் போலந்தின் லோட்ஸ் நகரில் பிறந்தவர். லண்டன் அபே ரோட்டில் எச்.எம்.வி. நிறுவனத்துக்காக 51 மசூர்காக்களைப் பதிவுசெய்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடம், மிஞ்சினால் இன்னும் அரை நிமிடம். மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதியும். வெட்டி ஒட்ட வழியில்லை. ஒரு ஸ்வரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும், அல்லது பிசகை அப்படியே விட வேண்டும். ஓபஸ் 33இன் டி மேஜரைக் கேளுங்கள். இடது கை தரையை உதைக்கிறது, வலது கை சுழல்கிறது. துணிந்து வாசிக்கிறவரின் வாசிப்பு அது. 1965-66இல் அவருக்கு வயது 78. அந்த வாசிப்பில் நிதானமும் கனிவும் இருக்கின்றன. நானும் விரும்பிக் கேட்பவன்தான். ஆனால் ஆட்டம் அங்கே நினைவாகிவிட்டது. முந்தியதில் கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து இரைச்சல். அந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. பெரும்பகுதி அரக்கு இந்தியக் காடுகளிலிருந்து போனது. ஊசி உரசும்போது ஸ்ஸ் என்ற சத்தம் வரத்தான் செய்யும். இதைத் துடைத்துச் சுத்தம் செய்து விற்கும் மறுபதிப்புகள் உண்டு. துடைப்பவர் அளவு மீறும்போது என்ன நடக்கிறது? பியானோ விசையைத் தொட்டதும் எழும் கூர்மையான ஒலியும் உரசலும் ஒரே உயர் அதிர்வெண் பகுதியில் கலந்து கிடக்கின்றன. ஒன்றை வழித்தெடுத்தால் மற்றதும் கூடவே போகும். அடி எங்கே விழுகிறது என்று காட்டுவதே அந்தக் கூர்மைதான். அது மழுங்கினால் மசூர்கா பஞ்சு மெத்தையில் நடப்பது போலாகிவிடும். பிறகு நாமே "பழைய பதிவு மந்தமா இருக்கு" என்போம். இது நியாயமா?

இதை இவ்வளவு வேகமாகப் பேசக் காரணம் இருக்கிறது. 1939 செப்டம்பர் 1இல் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் ஷோப்பானைப் பொதுவில் வாசிக்கத் தடை வந்தது. 1940 மே 31இல் வார்சாவின் பூங்காவில் இருந்த ஷோப்பான் சிலையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ரூபின்ஸ்டைன் யூதர். லோட்ஸில் இருந்த அவருடைய சொந்தங்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அதற்காக இரக்கப்பட்டு இந்தப் பதிவைக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வாசிப்புக்கு இரக்கம் தேவையில்லை. ஆனால் அந்த உலகம் அழிவதற்குச் சற்று முன் பதிந்த தாளம் இது. பிந்தைய பதிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. இதை நம் காலத்து அளவுகோலால் "தப்பு" என்று சொல்வதும், உரசலோடு சேர்த்து வழித்து எறிவதும் ஒரே வேலைதான்.

அக்கா மகளிடம், "பரீட்சைக்கு டீச்சர் சொன்ன மாதிரியே வாசிம்மா" என்றுதான் சொன்னேன். மார்க் போனால் அக்காவிடம் யார் திட்டு வாங்குவது? ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் மெட்ரோனோமை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இரைச்சலோடு இருக்கும் பதிப்பைத் தேடிப் போட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் உரசல் கேட்கும். அதற்குப் பிறகு உங்கள் கால் தானாக ஆடவில்லை என்றால் வந்து என்னிடம் சண்டை போடுங்கள்.