வேட்பாளருக்குக் கடிவாளம், கட்சிக்கு?

தேர்தல் நேரத்தில் ஒவ்வொரு மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும் ஒரு விலைப்பட்டியல் இருக்கும். வாடகை நாற்காலிக்கு இவ்வளவு, தேநீருக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு. கூட்டத்தை வீடியோ எடுக்கும் குழு நாற்காலிகளைக் கூட எண்ணி வேட்பாளர் கணக்கில் ஏற்றிவிடும். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் என்று 2022 ஜனவரியில் உச்சவரம்பு வைத்தார்கள். இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள சட்டமன்றத் தொகுதியில் ஆளுக்கு 16 ரூபாய்.

இத்தனை கறாரும் வேட்பாளருக்குத்தான். அவரை நிறுத்திய கட்சி செலவழிக்க உச்சவரம்பே கிடையாது.

இது தவறிப்போன ஓட்டை அல்ல. கன்வர்லால் குப்தா வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்றது. சில வாரங்களுக்குள் அவசரச் சட்டம் வந்து, கட்சியின் செலவு சேராது என்று மாற்றியது. 2003-இல் அந்த விலக்கைச் சுருக்கினார்கள். ஆனால் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும், கட்சியின் பொதுப் பிரசாரச் செலவும் இன்றும் வேட்பாளர் தலையில் விழுவதில்லை. ஹெலிகாப்டர் தப்பிக்கும், நாற்காலி மாட்டிக்கொள்ளும்.

வேட்பாளர் கணக்காவது உண்மையா? 2009 மக்களவைத் தேர்தலில் தனக்கு 8 கோடி ரூபாய் செலவானதாக பா.ஜ.க. தலைவர்களில் ஒருவரான கோபிநாத் முண்டே 2013-இல் மேடையிலேயே சொன்னார். அப்போதைய வரம்பு 25 லட்சம். தேர்தல் ஆணையம் விளக்கம் கேட்டது, பதவி பறிபோகவில்லை. தமிழ்நாட்டில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே. நகர், வேலூர் என்று பணப்பட்டுவாடா புகாரில் நிறுத்தப்பட்ட தேர்தல்களின் வரிசையே உண்டு. கவரில் போகும் காசு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிசெய்து, 2018-இல் தொடங்கிய தேர்தல் பத்திரத் திட்டம் அதை மூடி வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிகளைக் கொடுக்கலாம் என்றானது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. பத்திர விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது அவற்றை விற்ற ஸ்டேட் வங்கி, நீதிமன்றம் மறுத்தது. பட்டியல் சில நாட்களிலேயே வெளிவந்தது!

அதில் முதலிடம் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்குக்கு: 1,368 கோடி. தி.மு.க. பெற்ற 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரே நிறுவனத்துடையது. ஆன்லைன் சூதாட்டம் குறித்துச் சூடாக விவாதித்த மாநிலத்தில், லாட்டரிப் பணம் அப்போதைய ஆளுங்கட்சிக்கு வந்ததை வாக்காளர் ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தார். பத்திரங்களால் மிக அதிகம் பெற்ற பா.ஜ.க.வின் கதையும் இதுவே.

பத்திரம் ஒழிந்ததும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். நிறுவனங்களிடம் பணம் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளைகளுக்கு யார் கொடுத்தார், அறக்கட்டளை எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பவை தெரியும். யார் பணம் யாருக்குப் போனது என்பது தெரியாது. 20,000 ரூபாய் வரையிலான நன்கொடைக்குப் பெயர் வெளியிட வேண்டியதில்லை. மற்ற நன்கொடைகளின் அறிக்கையும் ஆண்டுக்கொரு முறைதான். ஓட்டுப் போட்ட பிறகு கிடைக்கும் பட்டியல் வாக்காளருக்கு எதற்கு?

பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கட்சிகளின் செலவுக்கே வரம்பு வைத்தது. பொதுத்தேர்தல் காலத்தில் அங்கே பெரிய நன்கொடைகளை வாராவாரம் தெரிவிக்க வேண்டும். அந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆனாலும் வாக்களிக்கும் முன் மக்களுக்குக் கொஞ்சமாவது தெரியும்.

இங்கே நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை கட்சிகள் காத்திருக்கவும் தேவையில்லை. நன்கொடையாளர் பெயர்களை வாக்குப்பதிவுக்கு முன் தங்கள் இணையதளத்திலேயே வெளியிடலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.