எத்தனை கிராம்?

பிரயாணத்துக்கு ஏற்ற லேப்டாப் எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். உடனே தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இது ஒரு கிலோ இருநூறு கிராம். அது இதைவிட எண்பது கிராம் குறைவு. இன்னொன்று இருக்கிறது, ஒரு கிலோவுக்கும் கீழே, ஆனால் விலைதான் எட்டாது. இப்படிப் போகும் பேச்சு. கத்தரிக்காய் வாங்கும்போதுகூட நாம் எடையை மட்டும் பார்ப்பதில்லை. காம்பைப் பார்க்கிறோம், புழு ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம். ஐம்பது அறுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற யந்திரத்தைத் திருப்பிப் பார்க்க மாத்திரம் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

நான் இந்தத் தராசு ஞானத்துக்கு விரோதி. கனம் குறைந்தால் நல்லதுதான். அதை யார் மறுத்தார்கள்? 1981-ல் அமெரிக்காவில் ஆஸ்பார்ன் என்று ஒரு யந்திரம் விற்பனைக்கு வந்தது. தூக்கிச் செல்லத்தக்க கம்ப்யூட்டர் என்று அதற்குப் பெயர். எடை சுமார் பதினோரு கிலோ, திரை ஐந்து அங்குலம். அரைச் சிப்பம் அரிசியும் அந்தக் கணக்கில் தூக்கிச் செல்லத்தக்கதுதான். அங்கிருந்து ஒரு கிலோவுக்கு வந்து சேர்ந்தது மனித புத்தியின் வெற்றி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவன் நான். தோளில் ஜோல்னாப் பை. அதற்குள்தான் என் பிழைப்பு. பூந்தமல்லி நெரிசலில் அரை கிலோ எவ்வளவு கனக்கும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் அந்த எடையையாவது நேர்மையாகச் சொல்கிறார்களா? விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிற எடையில் சார்ஜர் சேராது. சில யந்திரங்களுக்கு அந்தக் கறுப்புச் செங்கல்லே முந்நூறு நானூறு கிராம் இருக்கும். மெல்லிசாக்குகிறேன் என்று பக்கவாட்டுத் துளைகளையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். பென் டிரைவ் செருக ஒரு குட்டிச் சாதனம் தனியாக வேண்டும். கூட்டத்தில் படம் காட்ட இன்னொன்று. ஒருவர் என்று சொல்லிப் பந்திக்கு வந்தவர் பின்னாலேயே பெண்டு பிள்ளைகளும் மாமியாரும் இறங்குகிற கதைதான். கடையில் தூக்கிப் பார்க்கிறவர்கள் சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்கட்டும். அதைவிட நல்லது, கைப்பேசிக்குப் போடுகிற அதே டைப்-சி வயர் இதற்கும் போதுமா என்று கேட்பது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்று சட்டமே செய்து, லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாளும் குறித்தது. அங்குள்ளவனும் சோம்பேறிதான், மூன்று சார்ஜர் சுமக்க அவனுக்கும் இஷ்டமில்லை.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையின் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னுகிற திரை, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து திறந்தால் கண்ணாடியாகவே ஆகிவிடும். எழுதியது தெரியாது, நம் மூஞ்சிதான் தெரியும். நம் ஊர் வெயிலுக்கு மங்கல் திரைதான் லாயக்கு. இது சின்ன விஷயம், போகட்டும்.

பெரிய விஷயம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. திருப்பிப் பார்க்கச் சொன்னேனே, அந்தப் பக்கம்.

2008 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆபீஸ் உறை ஒன்றுக்குள்ளிருந்து ஒரு லேப்டாப்பை உருவிக் காட்டினார். உலகமே கை தட்டியது. அந்த யந்திரத்தில் பாட்டரியை வாங்கினவன் மாற்ற முடியாது. மெமரியைப் பலகையோடு பற்றவைத்திருந்தார்கள். சாதாரணமாகச் செருகுவதற்கு ஒரே ஒரு யு.எஸ்.பி. துளை. கை தட்டின சத்தத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அதுவே நாகரிகம் ஆகிவிட்டது. பிறகு ஐந்து இதழ்ப் பூ மாதிரித் தலையுள்ள திருகாணி வந்தது. எந்த வீட்டுத் திருப்புளியும் அதில் சேராது. மெலிவுக்கும் அந்தத் திருகாணிக்கும் என்ன சம்பந்தம்? அதனால் ஒரு கிராமாவது குறைகிறதா? குறையாது. வாங்கினவன் உள்ளே கை வைக்கக் கூடாது, அதுதான் விஷயம்.

பாட்டரி என்பது தேய்கிற பொருள். செருப்பைப் போல, சைக்கிள் டயரைப் போல. சில நூறு தடவை நிரப்பிக் காலி செய்தால் அதன் சக்தி இறங்கியே தீரும். நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம் இறங்கும். தேய்கிற பொருளைப் பசை போட்டு ஒட்டி விற்பவனை என்னவென்று சொல்வது? டயரைச் சக்கரத்தோடு வைத்துப் பற்றவைத்து ஒருவன் சைக்கிள் விற்றால் நாம் சும்மா விடுவோமா?

எனக்கே நடந்தது. மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் என் லேப்டாப்பின் பாட்டரி உப்பிக்கொண்டது. அடி மூடி விலகி, எழுத்துப் பலகை நடுவில் மேடு தட்டிப் போயிற்று. கம்பெனியின் சேவை நிலையம் என்று பலகை மாட்டியிருந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். கௌரவமாக உட்காரவைத்தார்கள், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள், பாட்டரியும் எழுத்துப் பலகையும் மேல் மூடியும் ஒரே உறுப்பு, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அந்தத் தொகைக்கு இன்னொரு யந்திரம் வாங்கப் பாதிப் பணம் சேர்ந்துவிடும். பத்து நாள் ஆகும் என்றும் சொன்னார்கள். சென்னை வந்து ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருந்த ஒரு பையனிடம் கொடுத்தேன். தலைமுடி உலர்த்துகிற யந்திரத்தால் சூடு காட்டிப் பசையை இளக்கி, ஒரு மணி நேரத்தில் பாட்டரியை மாத்திரம் எடுத்து வேறு போட்டான். அவன் படிப்பும் என் படிப்பைப் போலப் பாதியில் நின்றதுதான். ஒட்டினவர்கள் பட்டதாரிகள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் செய்த பாட்டரிச் சட்டம், இத்தகைய சாதனங்களில் பாட்டரியை வாங்கினவரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று சொல்லி, 2027 பிப்ரவரி 18-ஐக் கெடுவாக வைத்தது. நம் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி 2022-ல் ஒரு குழு போட்டது. குழு போடுவதில் நம்மை யாராலும் மிஞ்ச முடியாது.

இதையெல்லாம் எங்கே நின்று சொல்கிறேன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த யந்திரங்கள் கடல் கடந்து வந்த காலத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது அவை ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படுகின்றன. 2007-லேயே டெல் கம்பெனி அங்கே ஆலை திறந்தது. ஹெச்.பி. லேப்டாப்கள் 2021 கடைசியிலிருந்து அங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகத் தொடங்கின. 2024-ல் ஒரகடத்திலும் லேப்டாப் ஆலை போட ஒப்பந்தமாயிற்று. உள்ளே இருக்கும் சில்லும் திரையும் பெரும்பாலும் வெளிதேசத்துச் சரக்குதான். ஆனாலும் கடைசித் திருகாணியை முடுக்குகிற கை நம் கை. வல்லம் வடகாலில் கைப்பேசி ஆலைப் பெண்கள் தங்குவதற்கென்றே 18,720 படுக்கைகளோடு ஒரு விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சின்ன டவுனின் ஜனத்தொகை அது. ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமி, கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகிற பூமியாகிவிட்டது.

அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு. ராமாநுஜர் பிறந்த ஊர் அது. குரு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்ததைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கெல்லாம் சொன்னார் என்று வைணவ மரபு பேசுகிறது. நரகம் போனாலும் நான் ஒருவன்தானே போவேன் என்றாராம். அப்பேர்ப்பட்டவர் பிறந்த ஊரில், உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்கினவன் பார்க்கக் கூடாத பெட்டியைப் பூட்டி அனுப்புகிறோம். கோபுரத்தில் ஏறிச் சொல்ல வேண்டாம். பிரிப்பது எப்படி என்று ஒரு துண்டுத்தாள் அச்சடித்துப் போடக் கூடாதா?

சரி, அடிப்பக்கத்தை விட்டு மேல் பக்கத்துக்கு வருவோம். மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது எழுத்துப் பலகை. நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றிலாவது தமிழ் எழுத்துப் பொறித்த லேப்டாப்பை நான் பார்த்ததில்லை. தமிழன் கை முடுக்கி, தமிழ்நாட்டுச் சாலையில் லாரி ஏறி, தமிழ்நாட்டுக் கடையில் தமிழனுக்கு விற்கிற யந்திரத்தில் ஒரு 'அ' இல்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்ற மனிதரை நினைத்துக்கொள்கிறேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் எப்படி அடைப்பது என்று உட்கார்ந்து யோசித்தவர். மெய்க்குப் புள்ளி வைக்கும்போது காகிதம் நகராமலிருக்க, நகரா விசை என்ற உபாயத்தை அமைத்தார். ஜெர்மன் கம்பெனியைக் கொண்டு அந்தத் தமிழ்த் தட்டச்சை உருவாக்கினார். 'பிஜோ' என்று கைப்பெட்டியில் தூக்கிப் போகிற மாதிரியாகவே அது வந்தது. அந்தக் காலத்துப் பிரயாண யந்திரம் என்றால் அதுதான். கனம் இருக்கத்தான் செய்தது, எழுத்தும் இருந்தது. ஒரு தனி மனிதர் ஜெர்மன்காரனிடம் வாங்கிக் காட்டியதை, நிலமும் தண்ணீரும் மின்சாரமும் வரிச் சலுகையும் கொடுத்து வாசலுக்கே வரவழைத்த கம்பெனிகளிடம் ஒரு சர்க்காரால் வாங்க முடியாதா?

இதற்கு எனக்குக் கிடைக்கிற பதில்களையும் சொல்லிவிடுகிறேன். "எழுத்து எதற்கு சார்? ஆங்கிலத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் விழுகிறதே" என்பது முதல் பதில். விழட்டும். தமிழ் எழுதுவதற்கு முன்னால் மனசுக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிக்கொள்வது ஒரு சௌகரியம் என்று நினைக்கிறவர்களோடு நான் வாதாடத் தயாரில்லை. ஒரு கணக்கு மட்டும் காட்டுகிறேன். 1999-ல் அரசு ஏற்ற தமிழ் 99 முறையில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். ஒரே மெய் இரண்டு தரம் வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே விழுந்துகொள்ளும். ஆங்கில வழியில் ஐந்து தட்ட வேண்டும். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த ஐந்தில் ஒரு பங்கு எத்தனை லட்சம் தட்டு என்று யோசியுங்கள். இருந்தும் தமிழ் 99 பரவாததற்குக் காரணம் என்ன? விசையில் எழுத்து இல்லை. கண்ணால் பார்க்காத எழுத்தைப் பிள்ளைகள் எப்படிப் பழகும்?

"சந்தை சின்னது" என்பது இரண்டாவது பதில். இதைச் சொல்கிறவர்கள் பூகோளம் படிக்க வேண்டும். கிரீஸ் தேசத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு கோடி. அங்கே விற்கிற லேப்டாப்பில் கிரேக்க எழுத்து இருக்கிறது. இஸ்ரேலிலும் ஒரு கோடிப் பேர்தான். ஹீப்ரு எழுத்து இருக்கிறது. 2011 கணக்குப்படியே தமிழ்நாட்டில் ஏழு கோடியே இருபத்தொரு லட்சம் பேர். தேசத்துக்கு ஒரு பலகை என்று விதவிதமாக அச்சடித்துப் பழகினவைதான் இந்தக் கம்பெனிகள். அவர்களால் முடியாதது இதில் ஒன்றும் இல்லை, கேட்பவர்கள் இல்லை.

மூன்றாவது பதில், ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்பது. ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சித்திரை மாச வியர்வையில் முதலில் உரிவது 'க', அப்புறம் 'ம'. நம் வீட்டில் நம் எழுத்து ஒட்டுக்குடியாக இருப்பதைவிட இல்லாமலே இருக்கலாம்.

2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மத்திய அரசு திடீரென்று உத்தரவு போட்டு, ஊர் கூடிச் சத்தம் போட்டதும் தள்ளிவைத்தது. அதே வருஷம் மே மாதத்தில், உள்நாட்டில் தயாரிப்பவர்களுக்கு ஊக்கத்தொகை என்று 17,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சுதேசி, பாதுகாப்பு, வேலைவாய்ப்பு என்று எத்தனையோ பேசினார்கள். எழுத்துப் பலகை என்ற வார்த்தை அந்தப் பேச்சில் என் காதில் விழவேயில்லை. நம் பணத்தைக் கொடுக்கும்போது இரண்டே நிபந்தனை வைத்திருக்கலாம்: சாதாரணத் திருப்புளியால் திறக்க வேண்டும்; விற்கிற மாகாணத்தின் எழுத்து விசையில் இருக்க வேண்டும். சிப்காட்டில் நிலம் கொடுக்கிற மாநில அரசும் இதே இரண்டு வரியை ஒப்பந்தத்தில் எழுதலாம். காகிதச் செலவுகூடக் கிடையாது.

அது வரைக்கும், கடைக்குப் போகிறவர்கள் எத்தனை கிராம் என்று கேட்டு முடித்தபின், தமிழ் எழுத்துப் போட்டது இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள். "அதெல்லாம் வராது சார்" என்பார் கடைக்காரர். எங்கே தயாரானது என்று பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காஞ்சிபுரம் மாவட்டம் என்று போட்டிருந்தால், அங்கிருந்து இங்கே வர லாரி வாடகை எவ்வளவு என்றும் விசாரித்து வையுங்கள்.