நீலகிரித் தைலமும் நீலகிரி மலையும்



நம் பங்கிலே எந்த இல்லத்தினுள் நுழைந்தாலும், திருக்குடும்பப் படத்திற்குக் கீழே மாடத்தில் ஒரு சிறு தைலப் புட்டி இருப்பதைக் காண்கிறோம். குழந்தைக்குச் சளி என்றால் நீலகிரித் தைலம். பாட்டிக்கு மூட்டுவலி என்றாலும் அதே தைலம். ஆனால் அத்தைலத்தைத் தரும் மரம் நீலகிரியின் மரமே அன்று. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது அது. சென்ற மாதம் மறைக்கல்வி வகுப்பில் பேச்சுவாக்கில் நாம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் அதற்கு முன் அங்கே என்ன இருந்தது, சாமி?" என்று ஒரு சிறுமி கேட்டாள். விடை தெரிந்தும் அதைச் சொல்லி முடிக்க மணியடித்துவிட்டது. அந்தக் கடனை இம்மாதம் தீர்க்கிறோம்.

அங்கே சோலை இருந்தது. மலையின் மடிப்புகளில் அடர்ந்த, குட்டையான மரங்கள். அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் பரந்த புல்வெளி. பெய்யும் மழையை இவ்விரண்டும் சேர்ந்து பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலே ஊற்றாகச் சிறிது சிறிதாக விடும். அந்த ஊற்றுகளே ஓடையாகி, பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி, காவிரியில் கலக்கின்றன. மலையை ஒருநாளும் கண்டிராத சமவெளி உழவனின் வயலும் அந்தப் புல்லுக்குக் கடன்பட்டிருக்கிறது. அப்புல்லை மேய்ந்த எருமைகளே தோடர் மக்களின் செல்வம். அப்புல்லே அவர்களுடைய கோயிலுக்கும் குடிலுக்கும் கூரை.

ஆனால் கணக்கெழுதியவர்களின் கண்ணுக்குப் புல்வெளி வெற்று நிலமாகத் தெரிந்தது. வெள்ளையர் காலத்தில் விறகுக்காக நடப்பட்ட அயல்மரங்கள், நாடு விடுதலை பெற்றபின் தொழிலுக்காக மேன்மேலும் நடப்பட்டன. தோல் பதனிடுவதற்குச் சீகை மரம். சிறுமுகையில் இருந்த செயற்கை இழை ஆலைக்குத் தைல மரம். அந்த ஆலை பலருக்குச் சோறு போட்டது. அதன் கழிவு பவானியைக் கெடுத்தது. பின்னர் ஆலையும் மூடப்பட்டது. சீகையோ எவரும் நடாமலே பரவிக்கொண்டிருக்கிறது. தோடர் எருமைக்கு மேய்ச்சல் சுருங்கிவிட்டது.

வளர்ச்சியே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. 1932-இல் பைக்காராவிலும், பின்னர் குந்தாவிலும் பிறந்த மின்சாரம் சமவெளியின் ஆலைகளை ஓட்டியது. நம் வீடுகளில் விளக்கேற்றியது. அந்த நன்மையை அனுபவித்துக்கொண்டே அதைப் பழிப்பது நேர்மையாகாது. நாம் கேட்பது வேறு. நன்மை ஒருவர் கைக்கும், அதன் விலை வேறொருவர் தலைக்கும் போவது ஏன்?

மலையின் சிறு விவசாயியைப் பாருங்கள். உருளைக்கிழங்கு பயிரிட்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பி வாழ்ந்தவர் அவர். 1961-இல் அக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு நீலகிரியில் கண்டறியப்பட்டது. விளைச்சல் நலியவே, பலர் தேயிலைக்கு மாறினர். 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது தேயிலையின் பெரிய சந்தை ஒன்று நிலைகுலைந்தது. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. கொழுந்து பறிக்கும் கூலிக்கும் வருவாய் போதவில்லை. ஒரே பயிரை நம்பிய மலை, எங்கோ தொலைவில் நடந்ததற்குத் தண்டம் கட்டியது.

இன்னும் ஒரு கூட்டத்தார் உண்டு. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காகவே, 1968 முதல் வனநிலத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 2022-இல், அத்தோட்டங்களில் ஒரு பகுதியை மீண்டும் வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவு செய்தது.

அதன் பின்னர் ஒருமுறை, கூடலூர்ப் பக்கம் ஒரு நண்பர் குருவானவரைக் காணச் சென்றிருந்தோம். அவரோடு லயம் ஒன்றில் நோயாளிக்கு நற்கருணை கொடுக்கப் போனபோது, வாசலில் இருந்த மூதாட்டி நம்மிடம் சொன்னார்: "சாமி, காட்டை வெட்டித்தான் எங்களை இங்கே குடிவெச்சாங்க. இப்போ காடு வேணும்னா, வேணும்தான். யானைக்கும் வீடு வேணாமா? ஆனா எனக்கு எது சாமி வீடு?" அன்று நாம் விடை சொல்லவில்லை. தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு வந்தோம். அது போதாது என்பது நமக்கே தெரியும்.

மலை சினந்தால் முதலில் விழுவதும் இத்தகையோர் கூரையே. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையால் நிலம் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூலை 30 விடியுமுன், அண்டையிலுள்ள வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே மண்ணுள் புதைந்தனர். பெருமழை மனிதர் வசத்தில் இல்லை என்பது மெய். ஆயினும் சாலைக்கும் விடுதிக்குமாகச் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டுவதும், ஓடையின் வழியை அடைப்பதும் மனிதர் செய்வதே. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி மண்ணைக் கனக்கச் செய்கிறது; தாங்கிய அடியோ முன்பே வெட்டப்பட்டுவிட்டது. பிறகு மலை என்ன செய்யும்?

இதில் நமக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு மே மாதமும் உதகைக்கு ஏறும் வண்டிகளின் பெருக்கத்தைக் கண்டே, சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் மின்னணு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. ஒருமுறை நம் பங்கின் சிற்றுலாப் பேருந்தும் அங்கே சென்றது. ஓடைக்கரையில் உணவருந்தி எழுந்தபோது நாம் விட்டுவந்த பொட்டலத் தாள்களையும் நெகிழிக் குவளைகளையும் நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது. தடுத்திருக்க வேண்டிய நாமே வாளாவிருந்தோம்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அறிவீர்கள். ஆகாபு அரசனுக்கு அது கீரை விளையும் நிலம். நாபோத்துக்கோ முன்னோர் விட்டுச்சென்ற உரிமை. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் எழுதிய சுற்றுமடலில், மண்ணின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் பிரித்துக் கேட்கலாகாது என்று நமக்கு உணர்த்தினார். சோலை திரும்ப வேண்டும், ஐயமில்லை. அதற்காக மூதாட்டியைச் சீகைச் செடியைப் போலப் பிடுங்கி எறியலாகாது. சீகையை அகற்றுவதற்கும், புல்லையும் சோலைக் கன்றையும் மீண்டும் நட்டு வளர்ப்பதற்கும் கைகள் வேண்டும். அவ்வேலையும், அதற்கான நேர்மையான கூலியும், தலைக்கு மேல் உரிமையுள்ள ஒரு கூரையும் அம்மக்களுக்கே முதலில் கிடைக்கட்டும். காட்டை இழந்தபோது கொடுத்த விலையை, காட்டை மீட்கும்போதும் அதே ஏழை கொடுப்பது நீதியன்று.

இவ்வாண்டு நம் சிற்றுலா மே மாதத்தில் இல்லை. குறைந்த கூட்டமுள்ள காலத்தில் செல்வோம். கொண்டுபோவதையெல்லாம் திரும்பக் கொண்டுவருவோம். ஒரு வேளை உணவாவது அங்குள்ள சிறு கடையில் உண்போம். கேள்வி கேட்ட சிறுமிக்கு முன்வரிசை இருக்கை. எஞ்சியிருக்கும் சோலையை அவள் கண்ணாலே பார்க்கட்டும். திரும்பும் வழியில், அந்த மூதாட்டியின் வாசலிலும் சற்று நிற்போம்.