கோவண்டியின் முகங்களுக்கு உரிமையாளர் யார்?

புது தில்லி: பொது இடத்தில் நடமாடும் ஒருவரை அவரது அனுமதியின்றிப் படம் எடுப்பது குற்றமா? இந்தியச் சட்ட நூல்களைப் புரட்டினால், பொதுவாகக் குற்றமில்லை என்ற விடையே கிடைக்கிறது. எடுத்த படத்தை வெளியிடலாமா, விற்கலாமா, விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்ற அடுத்த கேள்விகளுக்கு அவ்வளவு நேரான விடை கிடைப்பதில்லை. இந்தத் தெளிவின்மையால் யாருக்கு இழப்பு என்பதை அறிய மும்பையின் கோவண்டியைப் பார்த்தால் போதும்.

ஹார்பர் ரயில் பாதையில் செம்பூரை அடுத்த நிலையம் கோவண்டி. தமிழர்கள் பெருமளவில் வாழும் சீத்தா கேம்ப் இதற்குத் தொலைவில் இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தையொட்டியிருந்த ஜனதா காலனி 1976-இல் காலி செய்யப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட இடம் அது. கோவண்டியின் சிவாஜி நகர், பைகன்வாடி குடியிருப்புகளை ஒட்டி நிற்கிறது தேவனார் குப்பைமேடு. 1927 முதல் மும்பையின் கழிவைச் சுமந்துவரும் அந்த மேட்டில் பிளாஸ்டிக்கும் உலோகமும் பொறுக்கி விற்றுப் பல குடும்பங்கள் பிழைத்து வந்துள்ளன. வறுமையைப் படம் பிடிக்க மும்பைக்கு வருவோர் தாராவியை முடித்துவிட்டு வந்து நிற்கும் இடமும் இதுவே. குப்பை மலை, மேலே வட்டமிடும் பறவைகள், நடுவே தலையில் மூட்டையுடன் ஒரு பெண் என்ற காட்சியைப் பத்திரிகைகளிலும் தொண்டு நிறுவனங்களின் நன்கொடை அறிக்கைகளிலும் பார்க்காதவர் குறைவு. அந்தப் பெண்ணிடம் யாரேனும் கேட்டார்களா என்ற விவரம் மட்டும் படத்தின் கீழே இருப்பதில்லை.

படங்களால் பயனே இல்லை என்று கூறிவிட முடியாது. 2016 ஜனவரியில் தேவனார் மேடு பற்றியெரிந்தபோது எழுந்த புகை செயற்கைக்கோள் படங்களிலும் பதிவானது. நாளேடுகளில் வெளிவந்த காட்சிகள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. பிப்ரவரி இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பையில் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்கத் தடை விதிக்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது. கோவண்டி மக்கள் நெடுங்காலமாகச் சுவாசித்து வந்த நஞ்சு, படமாக வெளிவந்த பிறகே மாநகரின் பிரச்சினையானது.

ஆனால் அதே தீ இன்னொன்றையும் செய்தது. மேட்டில் காவல் இறுகியது. குப்பை பொறுக்குவோர் உள்ளே நுழைவது தடுக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே ஒருவரின் முகம் தெளிவாகத் தெரியும் படம், அவர் அத்துமீறி நுழைந்ததற்கான சான்றாகவும் ஆகக்கூடும். படம் எடுத்தவருக்கு அது பரிசு பெற்றுத் தரலாம். படத்தில் உள்ளவருக்கு மறுநாள் பிழைப்பு போகலாம். பொது இடத்தில் இருப்பவரை எடுத்தால் என்ன என்று எளிதாகக் கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சட்டம் யார் பக்கம் நிற்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாகப் படம் எடுத்தவரே. எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். படத்தில் இருப்பவருக்கு அச்சட்டத்தில் இடமே இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவும், பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆவது பிரிவும் அந்தரங்க உறுப்புகளையும் அந்தரங்கச் செயல்களையும் படம் பிடிப்பதைக் குற்றமாக்குகின்றன. இவை உடலைக் காக்கின்றன. வீதியில் தெரியும் முகத்தைக் காப்பதில்லை.

முகத்துக்கான பாதுகாப்பை நீதிமன்றத் தீர்ப்புகளில்தான் தேட வேண்டும். அதில் தமிழகத்துக்கு முக்கியப் பங்குண்டு. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்க வாழ்க்கை குறித்து அவரது இசைவின்றி வெளியிடுபவர் இழப்பீடு தர வேண்டியவராவார் என்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கும், அதிகாரிகளின் அலுவல் சார்ந்த செயல்களுக்கும் விலக்களித்தது. வெளியிடுவதற்கு முன்பே அரசு தடுக்க முடியாது என்றும் கூறியது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கை விசாரித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்று அத்தீர்ப்பின் முதன்மை உரை கூறியது. ஒருவரது உருவத்தை இசைவின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க அவருக்கு இடமுண்டு என்று, முன்னர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கவுல் தனி உரையில் எழுதினார்.

இக்கொள்கை அரசையும் கட்டுப்படுத்தும் என்பது 2020 மார்ச்சில் தெரிந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர்களின் படங்களையும் முகவரிகளையும் லக்னோ வீதிகளில் பதாகைகளாக வைத்த உத்தரப் பிரதேச அரசிடம், அவற்றை அகற்றுமாறு அலாகாபாத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து உத்தரவிட்டது. அரசு மேல்முறையீடு செய்தபோது உச்ச நீதிமன்றம் தடை வழங்காமல், விவகாரத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

கோவண்டிக்கு மிக நெருக்கமானது 2025 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. மகாராஷ்டிர கிராமப் பெண் ஒருவரை ஒரு புகைப்படக்காரர் எடுத்த படம், பன்னாட்டு நிழற்பட விற்பனை இணையதளம் ஒன்றில் ஏற்றப்பட்டது. அங்கிருந்து அது பல மாநில அரசுகளின் விளம்பரங்களுக்கும் ஓர் அரசியல் கட்சிக்கும் சென்று சேர்ந்தது. தம் முகம் எந்தெந்தத் திட்டங்களுக்கு விளம்பரமாகத் திரிகிறது என்று அப்பெண்ணுக்கே தெரியாது. முதல் நோக்கில் இது வணிகச் சுரண்டலாகவே தோன்றுகிறது என்று கூறிய நீதிமன்றம், எதிர்மனுதாரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஏழைகளின் நலத்திட்டத்தை விளம்பரப்படுத்த ஓர் ஏழைப் பெண்ணின் படத்தைச் சந்தையில் வாங்கும் அரசுத் துறைகள், அவர் ஒப்புக்கொண்டாரா என்று விசாரிக்கத் தவறின என்பது வியப்புக்குரியதன்று. சிரிக்கும் கிராமத்து முகம் ஒன்று தேவைப்பட்டது, கிடைத்தது.

இதே உரிமையைத் திரைக்கலைஞர்கள் கோரும்போது காட்சி மாறுகிறது. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு எதிரான வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆளுமை உரிமை என்பது புகழ்பெற்றவர்களுக்கு உரியது என்று அத்தீர்ப்பு குறிப்பிட்டது. 2023-இல் அனில் கபூரும் 2024-இல் ஜாக்கி ஷெராஃபும் தில்லி உயர் நீதிமன்றத்தில் இதுபோன்ற தடையாணைகளைப் பெற்றனர். புகழுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதால் இந்தத் தர்க்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்தக் கிராமப் பெண்ணின் முகமும் விலைக்குத்தான் போனது. விலை போகும் முகத்துக்கெல்லாம் உரிமை உண்டென்றால், புகழ் இல்லை என்பதைக் காரணம் காட்டி அவருக்கு மட்டும் மறுப்பதற்கு இடமில்லை.

கனடாவில் இக்கேள்வி 1998-லேயே தீர்ந்துவிட்டது. மான்ட்ரியால் நகரில் படிக்கட்டில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை இசைவின்றி வெளியிட்ட இதழுக்கு எதிராக, கியூபெக் மாகாணச் சட்டத்தின்கீழ் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. தொகை சிறிது. படம் எடுத்ததைப் பிழையாகக் கருதாமல், இசைவின்றி வெளியிட்டதையே பிழையாகக் கருதிய அணுகுமுறைதான் கவனத்துக்குரியது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இந்தியச் சட்டம் கடுமை காட்டுகிறது. தொழிலாளர் சட்டத்துக்கு மாறாக வேலை செய்யும் குழந்தை, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. விசாரணை, நீதிமன்ற நடவடிக்கை குறித்த செய்திகளில் அத்தகைய குழந்தையின் படத்தை வெளியிட 74-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. ஆறு மாதச் சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். விசாரணை ஏதுமில்லாத நாளில் குப்பைமேட்டில் எடுக்கப்படும் சிறுவனின் படத்துக்கு இத்தடை பொருந்துமா என்பது வாதத்துக்குரியது.

எஞ்சிய அனைவருக்கும் தில்லி காட்டும் வழி, 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். முகம் தெரியும் டிஜிட்டல் படமும் தனிநபர் தரவே. தரவுக்கு உரியவர் தாமே பகிரங்கப்படுத்தியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது. வீதியில் நடப்பவர் தம் முகத்தைத் தாமே பகிரங்கப்படுத்தியவர் ஆவாரா? சட்டத்தில் விடை இல்லை. ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த வரைவில் இதழியல் பணிக்கு விலக்கு இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. பத்திரிகை ஆசிரியர்கள் அமைப்பு கவலை தெரிவித்தும் பலனில்லை. தேவனார் புகையைப் படம் எடுக்கும் செய்தியாளரும், அங்குள்ள பெண்ணின் முகத்தை விளம்பரத்துக்கு விற்பவரும் ஒரே தராசில் நிறுத்தப்படுகின்றனர். முன்னவருக்கு விலக்கும் பின்னவருக்குக் கடிவாளமும் தேவை என்ற எளிய வேறுபாடு சட்டத்தை வரைந்தவர்களுக்குத் தெரியாததல்ல.

இதைவிடக் கவலைக்குரியது அபராதம் பற்றிய ஏற்பாடு. விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அத்தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்கே செல்லும். பாதிக்கப்பட்டவருக்குக் காசு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிசெய்த 43-ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. பொய்யான அல்லது அற்பமான புகார் என்று வாரியம் முடிவு செய்தால், புகார் கொடுத்தவரே 10,000 ரூபாய் வரை செலுத்த நேரிடும். குப்பை பொறுக்கும் பெண்ணுக்கு இது எத்தனை நாள் வருமானம் என்று சட்டம் இயற்றியவர்கள் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இசைவு பெறுவது உள்ளிட்ட முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது; அதன்படி அவை 2027 மே மாதம் செயல்பாட்டுக்கு வர வேண்டும். அதற்குள் இழப்பீட்டு உரிமையையும் இதழியல் விலக்கையும் சேர்க்கச் சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. திருத்தம் வராவிட்டால், தம் படத்தை விற்றவரிடம் கணக்குக் கேட்க கோவண்டிப் பெண்ணுக்குச் சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்ற ரிட் மனுவும்தான் எஞ்சும்.