நல்ல கண்ணே நாற்றங்கால்

எங்கள் தெருச் சிறுவனின் இடக்கண்ணில் சுண்ணாம்பு தெறித்துக் கருவிழி வெந்துபோயிற்று. கண்தானம் கிடைத்தால் போதுமென்று நானும் எண்ணினேன், போதாது. கருவிழியின் மேற்படலத்தைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் அதன் விளிம்பில் உள்ளன. அவை அழிந்தால், பொருத்திய கருவிழியும் நிலைக்காது.

நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து கடுகளவு திசு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, வெந்த கண்ணில் நடலாமென 1997-இல் இத்தாலிய அறிஞர்கள் காட்டினர். 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை மருந்தாகவே ஏற்றது. ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தாரோ, ஆய்வுக்கூடமின்றி, அத்திசுவை நறுக்கிக் கண்ணின் மேலேயே வளரவிடும் முறையை 2012-இல் வெளியிட்டனர். செலவு குறைந்த இதுவே நமக்கு ஏற்றது என்பேன்.

ஆனால் இரு கண்ணும் வெந்தால் சொந்த நாற்றுக்கு எங்கே போவது? நண்பர்களே, சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைக்கு எட்டாமல் வைப்போம். கண்ணில் பட்டால், மருத்துவரிடம் ஓடுமுன் நீர்விட்டுக் கழுவுவோம்.