செவ்வாய் மண்ணில் ஒரு சொட்டு

1976 ஜூலை மாதக் கடைசி. வைகிங்-1 கலம் செவ்வாயில் இறங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அது தன் நீண்ட கையால் அள்ளிய மண்ணில் அரை கன சென்டிமீட்டர் மட்டும் ஒரு சிறு அறைக்குள் போனது. அதன்மேல் ஒரு சொட்டுத் திரவம் விழுந்தது, அளவு 0.115 மில்லிலிட்டர். கிளைசின், அலனைன், லாக்டேட், ஃபார்மேட் என்று நுண்ணுயிர்கள் எளிதில் உண்ணக்கூடிய பொருள்கள் அதில் கரைந்திருந்தன. அவற்றில் அடையாளத்துக்காகக் கதிரியக்கக் கார்பன்-14 சேர்த்திருந்தார்கள். மண்ணில் ஏதாவது இருந்து, அந்த உணவைத் தின்று வாயுவாக வெளியேற்றினால், அந்த வாயுவில் கதிரியக்கம் தெரியும்.

தெரிந்தது. கருவியின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

இந்தச் சோதனையை வகுத்த கில்பர்ட் லெவின், அமெரிக்காவில் பொது சுகாதாரத் துறைகளில் வேலை பார்த்த பொறியாளர். குடிநீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று அறிய, அந்நாளில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். முடிவு தெரிய நாள் கணக்கில் ஆகும். அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க 1950களில் அவர் கையாண்ட உத்திதான் இந்தக் கதிரியக்க உணவு. ஊர்க் குழாய்த் தண்ணீருக்காகப் பிறந்த ஒரு சோதனை, பாட்ரீசியா ஸ்ட்ராட் என்ற விஞ்ஞானியின் உழைப்பும் சேர்ந்து, இன்னொரு கிரகத்தின் மண்ணைத் தொட்டது. அறிவியல் வரலாற்றில் இதைவிட அழகான பயணம் அரிது.

வாயு வந்ததும் யாரும் துள்ளிக் குதித்துவிடவில்லை. உயிர் இல்லாமலும், வெறும் வேதிவினையால் வாயு கிளம்பலாம். அதைப் பிரித்தறிய, புதிதாக எடுத்த மண்ணை 160 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் சூடாக்கி, அதன்பிறகு அதே திரவத்தை விட்டார்கள். வாயு அடங்கிப்போனது. கிருமி செத்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், செப்டம்பரில் இறங்கிய வைகிங்-2 கலத்திலும் இதே கதைதான். புறப்படுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்த அளவுகோலின்படி, இது ‘உயிர் உண்டு’ என்பதற்கான விடை.

ஆனால் அதே கலத்தில் இருந்த இன்னொரு கருவி வேறு சொன்னது. மண்ணை 500 டிகிரி வரை சுட்டு, வெளிவரும் ஆவியில் கரிமச் சேர்மங்களைத் தேடிய அந்தக் கருவிக்குக் கிடைத்தவை இரண்டு குளோரின் சேர்மங்கள். அவை பூமியில் கலத்தைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உடலைக் கட்டும் பொருளே இல்லாத மண்ணில் உயிர் எங்கிருந்து வரும்? லெவினின் சோதனையிலும் ஒரு நெருடல் இருந்தது. அதே மண்ணில் இரண்டாவது சொட்டு விட்டபோது வாயு கூடவில்லை; வந்ததிலும் கொஞ்சம் திரும்ப உறிஞ்சப்பட்டது. பசியுள்ள உயிர் இரண்டாம் பந்தியை இப்படித் தள்ளிவிடாது. செவ்வாயில் உயிர் இல்லை என்பது பெரும்பான்மையினரின் தீர்ப்பானது. அடுத்த 21 ஆண்டுகளுக்கு, 1997இல் பாத்ஃபைண்டர் போகும்வரை, எந்த அமெரிக்கக் கலமும் அந்தத் தரையில் இறங்கவில்லை.

2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடதுருவத்தருகே மண்ணைக் கரைத்துப் பார்த்தபோது பெர்குளோரேட் என்ற உப்பு தட்டுப்பட்டது. குளிரில் சாதுவாகக் கிடக்கும் உப்பு அது. சூடேறினால் ஆக்சிஜனைக் கக்கி அக்கம்பக்கத்துக் கரிமத்தை எரித்துவிடும். ரஃபேல் நவாரோ-கோன்சாலெஸ் குழுவினர் சிலி நாட்டின் அட்டகாமா பாலை மண்ணில் இந்த உப்பைக் கலந்து சுட்டார்கள். வைகிங் கண்ட அதே குளோரின் சேர்மங்கள் வெளிவந்தன. 2010இல் முடிவு வெளியானது. கரிமம் இருந்தும், தேடிய கருவியே அதை எரித்திருக்கக்கூடும்.

இதை வைத்து லெவின் வென்றார் என்று சொல்வது அவசரம். விண்கதிர்கள் பெர்குளோரேட்டைத் தாக்கினால் உண்டாகும் பொருள்களே, ஊட்டக் கரைசலிலிருந்து வாயுவைக் கிளப்ப வல்லவை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஒரே உப்பு இரு தரப்பின் சாட்சியையும் ஆட்டம் காணவைத்தது. 2021இல் 97 வயதில் மறையும்வரை லெவின் தன் கருத்திலிருந்து நகரவில்லை. அந்தப் பிடிவாதம் மதிக்கத்தக்கது. மண்ணில் என்ன உப்பு இருக்கிறது என்றே தெரியாத நாளில், அதில் உயிர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார்கள். குறை அங்கேதான்.

இன்று அதே கேள்வி ஒரு பாறையில் வந்து நிற்கிறது. 2024 ஜூலையில், செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்துக்கு ஒரு காலத்தில் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுவழியில், பெர்சிவரன்ஸ் ஊர்தி ஒரு செந்நிறப் பாறையைத் துளைத்தது. செயாவா ஃபால்ஸ் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பாறையெங்கும் மில்லிமீட்டர் அளவில், கறுப்பு விளிம்பு கட்டிய வெளிர்ப் புள்ளிகள், சிறுத்தைத் தோல்போல. அந்தச் சேற்றுப் பாறையில் இரும்பு பாஸ்பேட், இரும்பு சல்ஃபைடு, கூடவே கரிமம். பூமியின் ஏரிச் சேற்றில் நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்னும்போது இந்தக் கனிமங்கள் உண்டாவதுண்டு. உயிரின் துணையில்லாமலும் உண்டாகலாம்; ஆனால் அதற்குப் பெரும்பாலும் நல்ல சூடு வேண்டும், அந்தப் பாறை அப்படிச் சூடானதற்கான தடயம் இல்லை. 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இதை உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. வைகிங் கற்பித்த நிதானம் அது.

மேற்கொண்டு சொல்ல ஊர்தியிலுள்ள கருவிகளால் முடியாது. கந்தகம், இரும்பு, கார்பன் ஆகியவற்றின் ஐசோடோப் விகிதங்களை அளக்க வேண்டும். பாறையைத் தாளைவிட மெல்லியதாகச் சீவி மின்னணு நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அறை நிறைக்கும் அந்தக் கருவிகளை அனுப்பிவைக்க வழியில்லை. பாறையைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும். துண்டு தயாராகக் குழாயில் அடைபட்டிருக்கிறது. எடுத்துவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகலாம், 2040 வரை காத்திருக்க நேரலாம் என்ற கணக்கைப் பார்த்ததும், இது கட்டுப்படியாகாது என்று 2024இல் நாசாவே சொல்லிவிட்டது. சீனா தியன்வென்-3 கலத்தை 2028 வாக்கில் அனுப்பி மண் எடுத்துவரத் திட்டமிட்டிருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது தான் இறங்கும் இடத்து மண்ணைத்தான் எடுத்துவரும். செயாவா பாறைக்கென்று ஒரு கலம் தனியே போக வேண்டும். ஒரு நாட்டுக்குத் தாங்காத செலவு என்றால் பல நாடுகள் பங்கு போட்டுக்கொள்ளலாம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அப்படித்தான் கட்டினார்கள்.